அம்மம்மாவின் செதுக்கு வாங்கை அமெரிக்காவுக்கு அனுப்பிய வழி: திருகோணமலையில் இருந்து தொடங்குவோருக்கு

உவர்மலையில் எங்கள் அம்மம்மாவின் விறாந்தையில் இருவர் அமரக்கூடிய ஒரு சாய்வு வாங்கு இருந்தது. அவருடைய தகப்பனார் பம்பாயில் இருந்து கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதன் உருவம் மேல்நாட்டுப் பாணியிலும், உடல் முழுவதும் ஓடும் பூங்கொடிச் செதுக்கல் குஜராத்தி முறையிலும் அமைந்தவை. நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா அதைக் கேட்டபோது இரண்டு கிழமைக்குள் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். வேலை முடிய ஐந்து மாதங்கள் ஆயின. தாமதத்தில் பாதி, செய்ய வேண்டியவற்றை முன்பின்னாக மாற்றிச் செய்ததால் வந்தது. பழைய செதுக்குத் தளபாடத்தை அனுப்பவோ, வாங்கவோ, திருத்தவோ நினைக்கும் எவரும் என்னைப் போல் அலையக்கூடாது என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய ஒழுங்கில் எழுதுகிறேன்.

1. துடைப்பதற்கு முன் படம் எடுங்கள்

பழைய பொருளொன்று கையில் கிடைத்தவுடன் ஈரத்துணியால் துடைக்கவே மனம் வரும். அதைத் தள்ளிவைத்து, இருக்கும் கோலத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள், அடிப்பகுதி, ஒவ்வொரு மூட்டு, ஒவ்வொரு வெடிப்பு என்று நாற்பது படங்களாவது வேண்டும். சிலவற்றில் அளவுநாடா தெரியும்படி வையுங்கள். காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்தால் செதுக்கலின் ஆழம் தெளிவாகத் தெரியும். நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும்.

இந்தப் படங்கள் பின்னர் நான்கு இடங்களில் தேவைப்பட்டன: தொல்லியல் திணைக்களத்துக்கான விண்ணப்பம், சத்தியக் கடதாசி, காப்புறுதி, அமெரிக்கச் சுங்கம். நான் முதலில் துடைத்துவிட்டுப் படம் எடுத்தேன். பல ஆண்டுத் தூசியோடு சேர்ந்து, அடியில் ஒட்டியிருந்த ஒரு கடதாசித் துண்டும் கிழிந்து போயிற்று. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை இனி யாராலும் அறிய முடியாது. அந்த வாங்கைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் அதுதான் மனதை உறுத்துகிறது.

2. என்ன பொருள் என்பதை நிதானமாகப் பாருங்கள்

இந்த வகைத் தளபாடத்தைப் பற்றிச் சிறிதளவாவது தெரிந்திராவிட்டால் விற்பவரும் ஏமாற்றுவார், நம் ஆசையும் நம்மை ஏமாற்றும். நியூயோர்க்கைச் சேர்ந்த லொக்வூட் டி ஃபொரெஸ்ட் (1850–1932) என்ற ஓவியரும் அலங்கார வடிவமைப்பாளரும் 1881 இல் அகமதாபாத்தில் மகன்பாய் ஹதீசிங் என்ற வணிகரோடு சேர்ந்து மரச்செதுக்குப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்க வீடுகளுக்கு ஏற்ற கதிரை, மேசை, வாங்கு, அடுப்பு முகப்பு ஆகியவற்றைக் குஜராத்தித் தச்சர்கள் தேக்கில் செதுக்கினார்கள். நியூயோர்க்கில் கார்னகி குடும்பம் வாழ்ந்த மாளிகை இன்று கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்குள்ள தேக்கு அறை அவருடைய வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் படங்களை ஒருமுறை ஊன்றிப் பார்த்துவிட்டு உங்கள் பொருளுக்கு வாருங்கள்.

நான் பார்க்கக் கற்றுக்கொண்டவை இவை. பலகையில் வெற்றிடமே விடாமல் நெருக்கமாக ஓடும் கொடியும் இலையும். சாளரம் போலத் துளையிட்ட தட்டிகள். சில பொருள்களில் துளையிட்ட பித்தளைத் தகடு. அகமதாபாத்தின் சீதி சையது பள்ளிவாசலில் உள்ள கற்சாளரத்து மரமும் கொடியும் மரவேலையில் எதிரொலிப்பதையும் காணலாம். ஆனால் இவை எல்லாம் இருந்தாலும் உங்கள் பொருள் அந்தப் பட்டறையில்தான் செய்யப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. அதே பாணியில் வேலை செய்த கைகள் குஜராத்திலும் பம்பாயிலும் பல இருந்தன. பற்றுச்சீட்டோ முத்திரையோ பழைய கடிதமோ இல்லாமல் அந்தப் பெயரை எந்தப் படிவத்திலும் எழுதாதீர்கள். நான் என் முதல் விண்ணப்பத்தில் உற்சாகத்தில் எழுதிவிட்டேன். ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று கிழமை போயிற்று. "19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் எனக் கருதத்தக்க, மேற்கிந்தியச் செதுக்குப் பாணியிலான தேக்கு வாங்கு" என்று மாற்றி எழுதியபோது ஏற்றுக்கொண்டார்கள்.

காலத்தைக் கணிக்கப் பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். யாரும் பார்க்காத அடிப்பலகையில் கையால் இழைத்த இழைப்புளியின் மெல்லிய அலைகள் விரல் நுனிக்குத் தட்டுப்படும். வட்டமான வளைகோடுகள் இருந்தால் அந்தப் பலகை இயந்திர வட்டவாளில் அறுத்தது. திருகாணியின் தலையில் ஒற்றைப் பள்ளம் இருந்தால் பழையதாக இருக்கலாம். கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அது பின்னர் செருகப்பட்டதா, தொடக்கத்திலேயே இருந்ததா என்று துளையின் ஓரத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் சென்று திரும்பிய பொருளாக இருந்தால் இன்னொரு குறிப்பும் உதவும்: 1891 முதல் அங்கு இறக்குமதியான பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

எங்கள் வாங்கைக் கழற்றிய ஓடாவி ஐயா எனக்கு ஒன்றைக் காட்டினார். சாய்மானத்தின் ஒவ்வொரு பொருத்து நாக்கிலும் உளிமுனையால் கீறிய சிறு கோடுகள் இருந்தன. ஒன்றில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. அவை நுழையும் குழிகளின் ஓரத்திலும் அதே எண்ணிக்கை. எந்த நாக்கு எந்தக் குழிக்குரியது என்று செய்தவர் தனக்காகப் போட்டுக்கொண்ட கணக்கு அது. "தம்பி, இது ஒரே கையால செய்த வேலை. இந்தக் கோட்டை மட்டும் அழிச்சிடாதீங்க" என்றார். அந்தக் கோடுகளைப் படம் பிடித்து அமெரிக்கச் சுங்கத்துக்கான கடதாசிகளோடு இணைத்தேன். பொருளின் கைவேலைக்கு அதைவிட நல்ல சாட்சி என்னிடம் வேறு இருக்கவில்லை.

3. மரத்தை உறுதிப்படுத்துங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் துறைமுகத்தில் பொருள் தடைப்பட்டுவிடும். கறுத்துப்போன தேக்கையும் ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தையும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். தேக்கு ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 650 கிலோ. ஈட்டி 800 கிலோவைத் தாண்டும். கருங்காலி நீரிலேயே தாழும். புதிதாகச் சுரண்டிய இடத்தில் தேக்கு எண்ணெய்ப்பசையோடு, தோல் போன்ற மணம் தரும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் மட்டும், அதுவும் அனுபவமுள்ள ஓடாவி ஒருவரைக் கொண்டு சோதியுங்கள்.

அருகிவரும் விலங்கு, தாவர வகைகளின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் தேக்குக்குக் கட்டுப்பாடு இல்லை. ஈட்டி அடங்கும் டல்பேர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரியில் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு தொகுதியில் அந்த மரத்தின் எடை 10 கிலோவுக்கு மேற்பட்டால் அனுமதிப் பத்திரம் வேண்டும். பம்பாய்க் கறுப்பு மரத் தளபாடம் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் ஈட்டிதான். ஒரு கதிரையே 10 கிலோவைத் தாண்டிவிடும். இலங்கையில் இதற்குப் பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். யானைத்தந்தப் பதிவேலை சிறிதளவு இருந்தாலும், நான் சொல்வது ஒன்றுதான்: அனுப்பும் எண்ணத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

4. உரிமையைக் கடதாசியில் கொண்டுவாருங்கள்

"பரம்பரையாக எங்கள் வீட்டில் இருந்தது" என்பது அலுவலகத்தில் செல்லாது. சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசி ஒன்று, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் கடிதம் ஒன்று, அம்மம்மாவின் மரணச் சான்றிதழ், எங்கள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள், மற்ற உரித்தாளர்கள் தங்களுக்கு ஆட்சேபமில்லை என்று ஒப்பமிட்ட கடிதம் ஆகியவற்றை வைத்தேன். கடைசியாகச் சொன்ன கடிதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூத்த மாமா கனடாவில் இருந்ததால் அவருடைய ஒப்பம் வர மட்டும் பதினெட்டு நாட்கள் சென்றன. ஆகவே முதல் நாளே வெளிநாட்டில் உள்ளவர்களுக்குக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

கடையில் வாங்கிய பொருளானால் விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, விலை, பொருளின் விவரம் எழுதிய பற்றுச்சீட்டைக் கட்டாயம் பெறுங்கள். "பழைய வாங்கு ஒன்று" என்று எழுதித் தருவதை ஏற்காதீர்கள். அளவும் மரமும் அதில் இருக்க வேண்டும். பெயர்கள் எல்லாக் கடதாசியிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா என்றும் சரிபாருங்கள். எங்கள் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். அதற்காக இன்னொரு சத்தியக் கடதாசி முடிக்க நேர்ந்தது.

5. தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி

50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அரும்பொருள்களை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதே சுங்கத்தில் நீங்கள் எதிர்கொள்ளும் விதி. இதன் பின்னால் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் இருக்கின்றன. "இது இந்தியாவில் செய்தது, இலங்கைப் பொருள் அல்ல" என்று வாதாடுவதில் பயனில்லை. அதைத் தீர்மானிப்பது உங்கள் வேலையோ சுங்க அலுவலரின் வேலையோ அல்ல. திணைக்களத்தின் கடிதம் ஒன்றே அங்கு பேசும்.

தலைமை அலுவலகம் கொழும்பு 7 இல், சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கிறது. கடிதம், படங்கள், அளவுகள், மரத்தின் பெயர், உரிமைக் கடதாசிகள், யாருக்கு எதற்காக அனுப்புகிறீர்கள் என்ற விவரம் ஆகிய எல்லாவற்றையும் இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோங்கள். ஒப்படைத்ததற்கான முத்திரையை உங்கள் பிரதியில் பெறாமல் வெளியே வராதீர்கள். நான் இரவுத் தபால் ரயிலில் போய் விடியற்காலை கோட்டையில் இறங்கி, அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். அப்படியும் இரண்டு முறை போக நேர்ந்தது. முதல் ஒப்படைப்பில் இருந்து அனுமதிக் கடிதம் கைக்கு வர, திருப்பி அனுப்பிய நாட்களையும் சேர்த்து, ஒன்பது கிழமை ஆயிற்று.

அனுமதி வருமுன் லொறிக்கோ கப்பலுக்கோ முற்பணம் கட்டாதீர்கள்.

6. திருத்துவது: குறைவாகச் செய்வதே நல்லது

அனுமதி கிடைத்த பிறகுதான் பொருளில் கைவைக்க வேண்டும். மேற்பரப்பு மாறிவிட்டால், கொடுத்த படமும் கண்முன் இருக்கும் பொருளும் பொருந்தாமல் போகும்.

நான் முதலில் அழைத்த பொலிஷ் வேலைக்காரர் சான்ட் பேப்பரோடு வந்து, கேட்பதற்குள் வலப்பக்கக் கைப்பிடியின் இலைகளைத் தேய்த்துவிட்டார். உளி விட்டுப்போன கூர்மையான ஓரங்கள் மழுங்கி, இலை சோப்புக்கட்டி போலாயிற்று. போனது திரும்ப வராது. செதுக்கு வேலையில் சான்ட் பேப்பரை அனுமதிக்கவே கூடாது. யார் வந்தாலும் வேலை தொடங்கும் முன் என்ன செய்யப் போகிறார் என்று சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, முதலில் அடிப்பகுதியில் ஒரு கையகல இடத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் உண்டு. பள்ளங்களில் அது தூசியோடு இறுகிப் பிசின் போலாகிவிடும். முதலில் மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள். பிறகு மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, டேர்பன்டைனில் மெல்ல நனைத்து, ஒவ்வொரு பள்ளமாக ஒற்றி எடுங்கள். ஒரு நாளில் ஒரு சாண் அகலம் முடிந்தால் போதும். பித்தளைத் தகடு இருந்தால், குத்துவிளக்கை விளக்குவதுபோல் புளி போட்டு விளக்காதீர்கள். புளித்தண்ணீர் தகட்டின் பின்னால் இறங்கிப் பச்சைக் களிம்பாக மரத்தைக் கறைப்படுத்தும். உலர்ந்த துணியே போதும்.

பூச்சி இருக்கிறதா என்று பார்க்கக் கால்களுக்கு அடியில் கறுப்புக் கடதாசி விரித்துப் பதினைந்து நாட்கள் விடுங்கள். மா போன்ற வெளிர் தூள் புதிதாக விழுந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. அனுப்புமுன் புகையூட்டல் செய்யும் நிறுவனத்திடம் கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும். தூள் விழாவிட்டால் பழைய துளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பருவமும் முக்கியம். மாரி மழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். அரக்குப் பொலிஷ் போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். கச்சான் வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையிலான மாதங்களே திருகோணமலையில் இந்த வேலைக்கு ஏற்றவை. கடற்கரையை ஒட்டிய வீடானால் பொருளைத் திறந்த விறாந்தையில் வைத்து வேலை செய்யாதீர்கள். உப்புக்காற்றில் இரும்பாணி துருவேறி ஊதி மரத்தைப் பிளக்கும். ஓடாவி ஐயா பழைய இரும்பாணிகள் ஆறை எடுத்துவிட்டு அந்த இடங்களில் மரமுளை அடித்தார்.

7. பெட்டியும் அளவும்

கப்பற்கட்டணம் எடைக்கு அல்ல, பெரும்பாலும் கன மீற்றருக்கே கணக்கிடப்படும். எங்கள் வாங்கு 1.6 மீற்றர் நீளம், 0.75 அகலம், 1.2 உயரம், அதாவது 1.44 கன மீற்றர். பெட்டியில் வைத்தால் 1.8, 0.9, 1.35 ஆகி 2.187 கன மீற்றருக்கு ஏறியது. சாய்மானத்தையும் கால்களையும் ஓடாவி ஐயா பசை பிரியும்படி கழற்றித் தட்டையாக அடுக்கியபோது உயரம் 0.6 மீற்றராகக் குறைந்து, முழுப் பெட்டியும் 0.972 கன மீற்றருக்குள் அடங்கியது. பாதிக்கும் மேல் மிச்சம். ஆனால் கழற்றுவது தெரிந்த கையால் மட்டுமே நடக்க வேண்டும். பொருந்தும் இடங்களில் வெள்ளைக் கடதாசி ஒட்டி எண்ணிட்டு, பொருத்தும் முறையைக் கைபேசியில் காணொளியாக எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

பெட்டிக்குப் பயன்படும் பலகைக்கு, மரப்பெட்டிகளோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15 இன் முத்திரை வேண்டும். பெரும்பாலும், மரத்தின் உள்நடுவில் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான அடையாளம் அது. முத்திரையில்லாத பலகைப் பெட்டியை அமெரிக்கத் துறைமுகத்திலேயே திருப்பிவிடலாம். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் உள்ளே முட்டுக்கொடுக்கும் சட்டங்கள் சாதாரணப் பலகையானால் அவற்றுக்கும் பொருந்தும். இங்கு மரக்காலையில் மலிவாகப் பலகை வாங்கி அடித்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிட்டு, கொழும்பில் முத்திரையோடு பெட்டி செய்பவரிடமே கொடுங்கள்.

8. செலவும் நாட்களும்

என் கணக்கை அப்படியே தருகிறேன். உங்களுக்குக் கூடலாம், குறையலாம். படப்பிரதிகளுக்கு 2,400 ரூபாய், சத்தியக் கடதாசிகளுக்கு 1,500, கொழும்புக்கு இரண்டு முறை போய்வர 18,000. ஓடாவி ஐயாவுக்கு நாளொன்றுக்கு 4,500 வீதம் ஒன்பது நாட்கள் 40,500; அரக்கு, டேர்பன்டைன், பசை முதலியவற்றுக்கு 11,000. பெட்டிக்கு 52,000. திருகோணமலையில் இருந்து ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் பட்டா எனப்படும் சிறு லொறி 62,000. ஆள் திரும்பிவரும் கூலியும் அதில் அடக்கம். கப்பற்கட்டணமும் இங்குள்ள கையாளுகைக் கட்டணமும் 95,000. மொத்தம் 2,82,400 ரூபாய்.

இதில் சேராத ஒன்றுதான் எங்களை அதிர வைத்தது. கப்பல் முகவர் கொடுத்த விலையில் அமெரிக்கத் துறைமுகத்தின் இறக்குக்கூலியும் களஞ்சியக் கட்டணமும் சேர்க்கப்படவில்லை. அக்கா அங்கே 480 டொலர் கட்டினாள். "வாசல் வரையா, துறைமுகம் வரையா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

பெட்டி கொழும்பில் ஏறிய நாளில் இருந்து அக்காவின் வாசலில் இறங்கும்வரை 47 நாட்கள்.

9. அங்கே இறங்கும்போது

100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அரும்பொருள்களுக்கு உலகச் சுங்க வகைப்படுத்தலில் 97.06 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. சாதாரணத் தளபாடமாக 94 ஆம் அத்தியாயத்தில் எழுதிவிட்டால் வரியும் கேள்விகளும் வேறாகும். வயதைக் காட்டும் ஆதாரம் இல்லாமல் 97.06 ஐக் கோர முடியாது. இரண்டாம் படியில் எடுத்த படங்களும் ஓடாவி எழுதிக் கொடுத்த விவரமும் இங்கேதான் உதவின. மரத்தின் தாவரவியல் பெயரும் அது வளர்ந்த நாடும் கேட்கப்படலாம். தேக்குக்கு டெக்டோனா கிராண்டிஸ் என்று எழுத வேண்டும். வரி விகிதம் மாறக்கூடியது என்பதால் பெட்டி ஏறும் கிழமையில் அங்குள்ள சுங்க முகவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துப் பொருத்த வேண்டாம். திருகோணமலையின் ஈரக்காற்றில் நூறாண்டு இருந்த மரம், குளிர்காலத்தில் சூடேற்றிய உலர்ந்த அறைக்குள் திடீரென்று போனால் வெடிக்கும். மூடியை மட்டும் சிறிது திறந்து, சூடேற்றியில் இருந்து தள்ளி, இரண்டு கிழமை அப்படியே விடச் சொன்னேன். செதுக்கிய தட்டிகள் சட்டகத்தின் காடிக்குள் பசையின்றி நிற்பவை; ஈரத்துக்கேற்ப விரியவும் சுருங்கவும் அவற்றுக்கு இடம் வேண்டும். லேசாக ஆடுகிறதே என்று யாராவது பசை தடவ வந்தால் தடுத்துவிடும்படி அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.